விரல் நுனிக் கொப்புளமும் எலுமிச்சம்பழமும்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 49. பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். நாற்று பறி, நடவு, களை என்று வயல் வேலைக்குப் போகிறேன். ஆறு நாளைக்கு முன்னால் வலது கை நடுவிரல் நுனியில், ரேகை இருக்கிற பக்கத்தில், சிவந்து லேசாக எரிந்தது. மறுநாளே கொப்புளமாகி, இப்போது ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கிறது. உள்ளே வெள்ளையாகத் தண்ணீர் தெரிகிறது. தொட்டால் வலிக்கிறது, தூக்கம் கெடுகிற அளவுக்கு இல்லை. நகச்சுற்று என்று சொல்லி இரண்டு நாள் எலுமிச்சம்பழம் செருகினேன். என் வீட்டுக்காரர் இது அக்கி, குயவர் வீட்டில் எழுதிக்கொண்டால் போய்விடும் என்கிறார். மெடிக்கலில் ஒரு ஆயின்மென்ட்டும் இரண்டு வேளை மாத்திரையும் கொடுத்தார்கள். போன ஆடியிலும் இடது கட்டைவிரலில் இதே மாதிரி வந்து உடைந்து ஆறியது. ஊக்கைச் சுட்டுக் குத்திவிடலாமா? நடவுக்குப் போகலாமா? நான்கு வயதுப் பேரனுக்கு நான்தான் சோறு ஊட்டுகிறேன். அவனுக்கும் பத்து நாளாக மூக்கைச் சுற்றிப் புண். அவனுக்கு ஒட்டிவிடுமா என்று பயமாக இருக்கிறது. மகன் எடுத்த போட்டோவை இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் மகன் நல்ல வெளிச்சத்தில், கிட்டத்தில் வைத்து எடுத்திருக்கிறார். விரலை நேரில் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் போட்டோவையும் நீங்கள் எழுதியதையும் சேர்த்துப் பார்த்தால், இது நகச்சுற்றும் இல்லை, அக்கியும் இல்லை என்றுதான் படுகிறது. விரல் நுனிச் சதையின் மேல்தோலில் பாக்டீரியா புகுந்து எழுப்புகிற கொப்புளம் இது. மருத்துவத்தில் ‘ப்ளிஸ்டரிங் டிஸ்டல் டாக்டிலைட்டிஸ்’ என்பார்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். சரியாகக் கவனித்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தடமே தெரியாமல் ஆறிவிடும்.

கடிதத்தின் கடைசியில் பேரனுக்கு ஒட்டிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது. அவனுக்குப் புண் வந்து பத்து நாள், உங்களுக்குக் கொப்புளம் வந்து ஆறு நாள். அவனிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். குழந்தைகளுக்கு மூக்கு, வாய் ஓரங்களில் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டிக்கொண்டு வருகிற புண்ணுக்குக் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இரண்டு கிருமிகள். உங்கள் விரலில் இந்தக் கொப்புளத்தை எழுப்புவதும் இவை இரண்டில் ஒன்றுதான். அவன் மூக்கைத் துடைத்துவிட்டு, பொருக்கை நகத்தால் எடுத்துவிட்டு, அதே கையோடு நாற்றங்காலில் இறங்கியிருப்பீர்கள். நாற்று பறிக்கிறபோது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும்தான் மண்ணோடு மல்லுக்கட்டுகின்றன. நாள் முழுக்கச் சேற்றில் ஊறிய தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தால் கிருமிக்கு அது போதும்.

இந்த நோயை 1970-களில் முதலில் எழுதி வைத்தவர்கள் குழந்தைகளிடம்தான் பார்த்தார்கள். இன்றும் 2 வயதிலிருந்து 16 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. மூக்கு நோண்டுகிற, விரல் சூப்புகிற வயது. பெரியவர்களுக்கு வராது என்றில்லை, குறைவு. அப்படி வந்தால், அதுவும் உங்களைப் போல இரண்டாவது முறை வந்தால், உடம்பு ஏன் இடம் கொடுத்தது என்று கேட்டாக வேண்டும். பெரியவர்களிடம் இந்தக் கொப்புளம் வருகிறபோது, சர்க்கரை நோயோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற வேறு நோயோ மருந்தோ கூட இருப்பது உண்டு. நீங்கள் இதுவரை சுகர் பார்த்ததாக எழுதவில்லை. கொப்புளம் இந்த மாதமே ஆறிவிடும். அதனால் எனக்குப் பெரிய கவலை விரல் இல்லை, அந்த ரத்தப் பரிசோதனைதான்.

அதற்கு வருவதற்கு முன் உங்கள் வீட்டில் நடக்கிற வழக்கைத் தீர்த்துவிடுகிறேன்.

நகச்சுற்று நகத்தின் ஓரத்து மடிப்பில்தான் தொடங்கும். நகக்கண் வீங்கி, சிவந்து, அழுத்தினால் நகத்துக்கும் தோலுக்கும் நடுவிலிருந்து சீழ் எட்டிப் பார்க்கும். உங்கள் போட்டோவில் நகத்தின் இரு ஓரமும் சுத்தமாக இருக்கின்றன. கொப்புளம் முழுக்கச் சதைப் பக்கத்தில். வெகுநாள் விட்டுவைத்தால் இந்தக் கொப்புளமும் நகத்தின் ஓரம் வரை பரவும், அப்போது பார்ப்பவர்கள் குழம்பிப்போவார்கள். இப்போது அந்தக் குழப்பம் இல்லை.

எலுமிச்சம்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தில் விரல் வீங்கினால் பழத்தைத் துளைத்து விரலில் மாட்டிக்கொள்ளாத வீடு கிடையாது. குளிர்ச்சியாக இருக்கும், விரலை எதிலும் இடித்துக்கொள்ளாமல் காக்கும், ‘வேலை செய்யாதே’ என்று ஊருக்கே அறிவிப்பதால் ஓய்வும் கிடைக்கும். அந்த மட்டில் நல்லது. ஆனால் புளிப்புச் சாறு ஊறினால் தோல் வெளுத்து நைந்துபோகும், கிருமிக்கு வழி இன்னும் சுலபமாகும். போட்டோவில் கொப்புளத்தைச் சுற்றி வெள்ளையாகச் சுருங்கித் தெரிவது அப்படி வந்ததாகத்தான் இருக்கும். இனி வேண்டாம். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பத்துப் போடுவதும் வேண்டாம், சுண்ணாம்பு தோலைச் சுட்டுவிடும்.

அடுத்தது அக்கி. உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. அக்கி வைரஸால் வருவது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற இன்னொரு வைரஸ் விரல் நுனியிலும் கொப்புளம் போடும். அது வந்தால் முதலில் ஒன்றிரண்டு நாள் விரலில் சுருக்சுருக்கென்று குத்தலும் எரிச்சலும் இருக்கும். பிறகு கடுகு கடுகாகச் சின்னக் கொப்புளங்கள் ஒரே இடத்தில் கூட்டமாகக் கிளம்பும், உள்ளே தண்ணீர் முதலில் தெளிவாக இருக்கும். பார்வைக்குச் சின்னதாக இருந்தாலும் வலி உயிரை வாங்கும். ஆறிய பிறகும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். உங்களுக்கு ஒரே ஒரு பெரிய கொப்புளம், உள்ளே வெளுத்த நீர், வலியும் மிதம். போன முறை வந்தது வேறு கையில், வேறு விரலில். அதனால்தான் அக்கிக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது வெறும் அறிவுக்காக இல்லை. பாக்டீரியாக் கொப்புளத்தைத் திறந்து வடிக்க வேண்டும். வைரஸ் கொப்புளத்தில் கத்தி வைக்கவே கூடாது. வைத்தால் ஆறுவது தள்ளிப்போகும், மேலே பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். அதற்கு ஏசைக்ளோவிர் மாத்திரை, அதுவும் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாளுக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். பேரனுக்கு மூக்குக்கு வெளியே பொருக்கு இல்லாமல், வாய்க்குள் ஈறு வீங்கிக் கொப்புளமும் காய்ச்சலும் இருந்தால் நான் உங்கள் விரலையும் வேறு விதமாகப் பார்த்திருப்பேன். ஊட்டுகிற விரலுக்கு அந்த வைரஸும் தொற்றும். அழைத்துப்போகும்போது அவன் வாயையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

குயவர் வீட்டில் காவி குழைத்து எழுதுவதை நான் கேலி செய்வதில்லை. சும்மா மேல்தோலில் பூசினால் பெரிய கெடுதலும் இல்லை. உடைந்த புண்ணின் மேல் மண் படக்கூடாது, அவ்வளவுதான். உங்கள் விரலுக்கு அது தேவையே இல்லை.

நெல் வயலில் இருப்பதால் இன்னொரு சந்தேகமும் எனக்கு முதலில் எழுந்தது. ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வருகிற, எறும்பைவிடக் கொஞ்சம் நீளமான வண்டு ஒன்று உண்டு. ராத்திரியில் டியூப்லைட்டைத் தேடி வரும். கடிக்காது. மேலே ஊர்கிறபோது நசுக்கினால் அதன் உடம்பு நீர் பட்ட இடம் மறுநாள் தீயால் இழுத்த கோடு மாதிரிச் சிவந்து கொப்பளிக்கும். நடவு, அறுவடைக் காலங்களில் கழுத்திலும் முகத்திலும் இதோடு வருபவர்கள் நிறைய. புகையான் பூச்சியைத் தின்கிற, பயிருக்கு நன்மை செய்யும் வண்டு அது. ஊதி விடுங்கள், நசுக்காதீர்கள். உள்ளங்கை, விரல் சதைப் பக்கத்துத் தோல் தடிமன் என்பதால் அங்கே பெரும்பாலும் இது வருவதில்லை. ஆகவே உங்கள் கதையில் வண்டுக்கு வேலை இல்லை.

இப்போது ஊக்கு. குத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொப்புளத்தைத் திறக்க வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வது சரிதான். உங்கள் வீட்டில், உங்கள் ஊக்கால் வேண்டாம். ஏனென்றால் விரல் நுனியின் உள் அமைப்பு சாதாரணமானது இல்லை. சாத்துக்குடிச் சுளைக்குள் சின்னச் சின்ன அறைகள் இருப்பதுபோல, இங்கே தோலிலிருந்து எலும்பு வரை நார்த்தடுப்புகள் ஓடி, கொழுப்பைச் சிறு அறைகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பொருளை இறுக்கிப் பிடிக்கிறபோது சதை நழுவாமல் இருப்பது இதனால்தான். உங்கள் கொப்புளம் இருப்பது இந்த அறைகளுக்கு மேலே, தோலின் மேல் அடுக்கில். ஊக்கு கொஞ்சம் ஆழமாக இறங்கினாலே அறைக்குள் கிருமி போய்விடும். அங்கே சீழ் கட்டினால் விரிய இடம் கிடையாது. அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் நின்று, விரல் நுனி எலும்பே அரித்துப்போகிற அளவுக்குப் போகலாம். அந்த நோய் வந்தால் நீங்களே கண்டுகொள்வீர்கள்: விரல் நுனி கல்லாக இறுகி, விண் விண்ணென்று தெறிக்கும், கையைத் தொங்கவிட முடியாது, ராத்திரி தூக்கம் வராது. தூக்கம் கெடவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது அதனால்தான்.

மருத்துவர் செய்வது மிகச் சின்ன வேலை. விரலைச் சுத்தம் செய்து, கிருமி நீக்கிய ஊசி அல்லது கத்தி முனையால் கொப்புளத்தின் கூரையைத் திறப்பார். அந்தக் கூரை செத்த தோல், வலி தெரியாது. வடிகிற நீரைப் பஞ்சுக்குச்சியில் எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். கும்பகோணம் அரசு மருத்துவமனையிலோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இதைக் கேட்கலாம். இரண்டாவது முறை வந்த கொப்புளம் என்பதால் இந்தப் பரிசோதனையை நான் விடமாட்டேன். செத்த தோலை வெட்டி எடுத்துவிட்டு, ஈரத்துணி ஒத்தடமும் லேசான கட்டும் போடுவார்கள். கட்டு தளர்வாக இருக்கட்டும். விரல் நுனி நீலம் பாரித்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். நடுவிரலுக்கு அடுத்த விரலில் மோதிரம் தெரிகிறது. வீங்குவதற்கு முன் இன்றைக்கே சோப்புப் போட்டுக் கழற்றி வையுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சேற்றில் வேலை செய்கிறவர்களுக்கு அது எப்போதுமே கணக்கில் இருக்க வேண்டும்.

மேலே தடவும் மருந்து மட்டும் இதற்குப் போதாது. வாய் வழியாக ஆன்டிபயாட்டிக் வேண்டும், வழக்கமாகப் பத்து நாள். முன்பு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் காரணம் என்று பெனிசிலின் மட்டும் கொடுப்பார்கள். பெரும்பாலான ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகள் பெனிசிலினை உடைக்கிற நொதியை வைத்திருப்பதால், இரண்டுக்கும் வேலை செய்கிற செஃபலெக்சின், க்ளாக்சசிலின், அமாக்சிசிலின்–கிளாவுலானேட் மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். அளவை உங்களைப் பார்க்கிற மருத்துவர் எழுதட்டும். பெனிசிலின் ஊசிக்கு எப்போதாவது தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் சீட்டு எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நான்காம் நாள் விரல் நன்றாகிவிட்டதுபோலத் தெரியும். மீதி மாத்திரையை அடுத்த முறைக்கு என்று டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.

மெடிக்கலில் கொடுத்த ‘இரண்டு வேளை மாத்திரை’ என்ன என்று நீங்கள் எழுதவில்லை, பொட்டலத்தில் பெயரும் இருந்திருக்காது. இந்த மாதிரிப் பொட்டலங்களில் வலி மாத்திரையோடு ஒரு குட்டி ஸ்டீராய்டு மாத்திரையும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சிவப்பும் வலியும் ஒரே நாளில் அடங்கும், கைராசி என்று பேர் வரும். உள்ளே கிருமி பாட்டுக்குப் பெருகும், சர்க்கரையும் ஏறும். போட்டோவின் மூலையில் அந்த ஆயின்மென்ட் டியூப் பாதி தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன்: க்ளோபெட்டசால் என்று போட்டிருக்கிறது. அது சக்தி வாய்ந்த ஸ்டீராய்டு. அதோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்து, அரிப்புக்கும் படைக்கும் புண்ணுக்கும் ஒரே டியூபாக விற்கிறார்கள். கிருமி இருக்கிற இடத்தில் எதிர்ப்புச் சக்தியை அமுக்குகிற மருந்தைத் தடவுவது எதற்கு? இப்போதே நிறுத்துங்கள். பேரன் முகத்தில் அதைத் தடவியிருந்தால் அதையும்.

இனி சர்க்கரை. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், அல்லது மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்று கொள்வோம்; அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வது வழக்கம். உங்களுக்கு நான் இரண்டாவதைத்தான் முக்கியமாகச் சொல்வேன். கிருமித் தொற்று இருக்கிறபோது சாதாரணச் சர்க்கரை அளவு தற்காலிகமாக ஏறும். அதைப் பார்த்துவிட்டு ‘புண் இருந்ததால் ஏறியது’ என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். மூன்று மாதச் சராசரியிடம் அந்தச் சமாதானம் எடுபடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகவே பார்க்கிறார்கள். சர்க்கரை உறுதியானால் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். நடவு நாளில் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

அதே நாளில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறும் கையால் இறக்குகிறவரா நீங்கள்? நம் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான். சர்க்கரையாலோ தொழுநோயாலோ விரலில் உணர்ச்சி குறைந்திருந்தால், சுட்டது தெரியாமலே கொப்புளம் வரும். கண்ணை மூடிக்கொண்டு, மருமகளைப் பஞ்சு நுனியால் ஒவ்வொரு விரலையும் மெல்லத் தொடச் சொல்லுங்கள். எந்த விரல் என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால், அல்லது உடம்பில் எங்காவது வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தொழுநோய்க்கு மருந்து எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம், முழுக்கக் குணமாகும். உங்களுக்குத் தொட்டால் வலிக்கிறது என்பதால் அந்த வாய்ப்பு குறைவு. ஆனாலும் இரண்டு நிமிட வேலை, பார்த்துவிடலாமே.

நடவுக்குப் போகலாமா என்றால், கொப்புளத்தைத் திறந்து புதுத்தோல் மூடுகிற வரை சேற்றுத் தண்ணீரில் அந்தக் கை இறங்கக்கூடாது. ஒரு வாரம், சிலருக்குக் கொஞ்சம் கூட. ரப்பர் உறை போட்டுக்கொண்டு நடச் சொல்வது ஏட்டுச் சுரைக்காய். உறைக்குள் தண்ணீர் போய்த் தேங்கினால் விரல் இன்னும் ஊறும், நாற்றும் கையில் நிற்காது. சம்பா நடவு சமயத்தில் ஒரு வாரக் கூலி என்பது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வரப்பில் நின்று நாற்று முடி எடுத்துக் கொடுக்கிற மாதிரி இடது கை வேலை ஏதாவது மேஸ்திரியிடம் கேட்டுப் பாருங்கள். சாணி கரைப்பது, மாட்டுக்கொட்டகை கூட்டுவது, பாத்திரம் தேய்ப்பது மூன்றும் அந்த வாரம் வேறு யாராவது பார்க்கட்டும்.

ரேஷன் கடைக் கவலை உங்களுக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், பலர் என்னிடம் கேட்பது இது. தோல் உரிந்த விரலை மிஷின் ஏற்காது. ஆறும் வரை வேறு விரலை வையுங்கள். கொப்புளம் மேல்தோலோடு நிற்பதால், கீழே ரேகைக்கு அச்சாக இருக்கிற அடித்தோலுக்கு ஒன்றும் ஆவதில்லை. பழைய ரேகையே திரும்ப வந்துவிடும்.

பேரனை உங்களோடே அழைத்துப் போங்கள். இருவருக்கும் ஒரே நாளில் வைத்தியம் தொடங்கினால்தான் பலன். ஒருவர் ஆறி மற்றவர் மிச்சம் வைத்திருந்தால் கிருமி வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அவன் புண்ணைச் சோப்புத் தண்ணீரால் நனைத்துப் பொருக்கை ஊறவைத்து எடுத்துவிட்டு, மருத்துவர் தரும் களிம்பைத் தடவினாலே பல நேரம் போதும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். துண்டு தனி. பொருக்கு காயும் வரை அங்கன்வாடிக்கு அனுப்ப வேண்டாம். நீங்கள் ஊட்டுவதை இப்போதைக்கு மருமகளிடம் விடுங்கள், அல்லது இடது கையில் ஸ்பூன். சமைத்த சோற்றில் அந்த விரல் படவே கூடாது. ஸ்டெஃபைலோகாக்கஸ் உணவில் விடுகிற நஞ்சு, சூடு பண்ணினாலும் அழியாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். உங்களுக்கு மூன்றாம் முறையும் கொப்புளம் வந்தால், வீட்டில் யார் மூக்குக்குள் இந்தக் கிருமி குடியிருக்கிறது என்று எல்லோருக்கும் பார்த்து, மூக்குக்குள் தடவும் மருந்து கொடுப்போம்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தோல் புண்ணுக்குப் பிறகு, புண் ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து, அபூர்வமாகச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குத்தான் அதிகம். காலையில் எழுந்ததும் பேரன் கண்ணிமை வீங்கியிருந்தாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ ‘சூடு பிடித்திருக்கிறது’ என்று வெந்தயம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

எப்போது ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். விரலிலிருந்து முன்கை நோக்கிச் சிவப்புக் கோடு ஏறினால், அக்குளில் நெறி கட்டினால், குளிர் காய்ச்சல் வந்தால் ராத்திரியானாலும் கிளம்புங்கள். விரல் முழுக்க ஒரே சீராக வீங்கி, மடங்கியே நின்று, நிமிர்த்தினால் உயிர் போகிற வலி, உள்ளங்கைப் பக்கம் விரல் நீளத்துக்கும் அழுத்தினால் வலி என்ற நான்கும் சேர்ந்தால் கிருமி தசைநாண் உறைக்குள் போய்விட்டது. சிகாகோவின் அறுவை மருத்துவர் ஆலன் கானவெல் நூறு ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்த அந்த நான்கு அடையாளங்களைத்தான் இன்றும் அவசரப் பிரிவில் தேடுகிறோம். அதற்கு மாத்திரை போதாது, அறுவை அரங்குக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரல் மடங்காமலே போய்விடும்.

இது உங்களுக்கு இல்லை, வேதாரண்யம், சீர்காழி பக்கம் இறால் குட்டையிலும் உப்பங்கழியிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு. இறால் முள் குத்திய கையில், மணிக்கணக்கில் வீக்கம் ஏறி, கறுநீலத்தில் ரத்தக் கொப்புளம் கிளம்பினால் அது நான் மேலே சொன்ன சாதுவான நோய் இல்லை. உவர் நீரில் வாழ்கிற விப்ரியோ வகைக் கிருமியாக இருக்கலாம். கல்லீரல் கெட்டவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், சர்க்கரைக்காரர்களுக்கு ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகும். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

உங்களுக்கு அவ்வளவு அவசரம் இல்லை, ஆனால் அடுத்த வாரம் வரை தள்ளவும் வேண்டாம். நாளைக் காலை வெறும் வயிற்றோடு கிளம்புங்கள். விரலையும் காட்டிவிடலாம், ரத்தமும் கொடுத்துவிடலாம். அந்த ஆயின்மென்ட் டியூபையும் மிச்ச மாத்திரைப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். இதைப் படிப்பதற்குள் கொப்புளம் தானாக உடைந்திருந்தால், இனி எதற்குப் போவது என்று நின்றுவிடாதீர்கள். உடைந்தாலும் மாத்திரை வேண்டும், கல்ச்சரும் எடுக்கலாம். முடிவு வந்ததும் எச்பிஏ1சி அளவையும் கல்ச்சர் சீட்டையும் உங்கள் மகனைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.